இதயத்தைக் காக்கும் வேளையில் சிறுநீரகத்தை இழக்கலாமா?

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஃபிரெடரிக் பேன்டிங் பிறந்த நாள் அது. அந்தக் கண்டுபிடிப்பின் காப்புரிமையை அவரும் அவருடைய சகாக்களும் 1923இல் தலைக்கு ஒரு டாலர் என்னும் பெயரளவுத் தொகைக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். உயிர் காக்கும் மருந்து எவருடைய தனிச்சொத்தாகவும் ஆகிவிடலாகாது என்பதே அவர்கள் நோக்கம். நூறாண்டு கடந்து, அந்த நோக்கத்துக்கு நேர்மாறான திசையில் நமது நாட்டின் மருத்துவம் இழுத்துச் செல்லப்படுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உள்ளவர்கள். மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கின்றனர். இதனைப் பணக்காரர் நோய் என்று ஒதுக்கிய காலம் மலையேறிவிட்டது. கட்டுமானத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், அங்கன்வாடி ஊழியர், குத்தகை விவசாயி என உழைப்பாளர் அனைவரின் இல்லங்களிலும் அது குடியேறியுள்ளது.

ஆண்டுதோறும் இந்நாளில் உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி பற்றிய அறிவுரைகள் வந்து குவிகின்றன. அவை தேவையே. எனினும், அதிகம் பேசப்படாத ஒன்றை இவ்வாரம் தோழர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விழைகிறோம். நீரிழிவு உள்ளவர் நெஞ்சு வலியோடு மருத்துவமனை செல்கிறார், ஆஞ்சியோகிராம் எடுக்கப்படுகிறது, அடைப்பு நீக்கப்படுகிறது, மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். மூன்றாம் நாள் சிறுநீர் குறைகிறது, கால் வீங்குகிறது. இதயம் பிழைத்தது, சிறுநீரகம் அடிபட்டது. தடுத்திருக்கக்கூடிய இந்தக் கேடு யாருக்கு நேர்கிறது, ஏன் தடுக்கப்படுவதில்லை என்பதே நம் கேள்வி.

நடப்பது என்ன?

இதயத்தின் இரத்தக் குழாய்கள் எக்ஸ்ரேயில் தாமாகத் தெரிவதில்லை. மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அயோடின் கலந்த சாய மருந்தை இரத்தக் குழாயில் பாய்ச்சினால்தான் அடைப்பு புலப்படும். மருத்துவமனைகளில் ‘டை’ என்று வழங்குவது இதுவே. படம் எடுத்து முடிந்ததும் இந்தச் சாயத்தை உடலிலிருந்து வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகத்தினுடையது. செல்லும் வழியில் அது சிறுநீரகத்தின் நுண் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. உட்பகுதிக்குச் செல்லும் பிராணவாயுவைக் குறைக்கிறது. நுண்குழல்களின் அணுக்களையும் நேரடியாகத் தாக்குகிறது.

நலமான சிறுநீரகம் இதனைத் தாங்கிக்கொள்ளும். நீரிழிவினால் பல ஆண்டுகளாக நைந்துபோன சிறுநீரகத்துக்கு இது மற்றுமொரு அடி. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு இரண்டு மூன்று நாட்களுக்குள் உயர்கிறது. பெரும்பாலோருக்கு அது ஓரிரு வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டயாலிசிஸ் வரை செல்வோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. ஆனால் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுற்றவர், வயது முதிர்ந்தவர், இதயம் பலவீனமானவர், நீர்ச்சத்து வறண்ட நிலையில் மேசை மீது கிடத்தப்பட்டவர் ஆகியோருக்கு ஆபத்து பன்மடங்கு கூடுகிறது. நீரிழிவும் சிறுநீரகப் பழுதும் ஒருவரிடத்திலேயே சேர்ந்திருப்பதுதான் மிக மோசமான கூட்டு.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாரடைப்பு வந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிகிறது. அவ்வேளையில் சிறுநீரகத்துக்கு அஞ்சி ஆஞ்சியோகிராமை மறுப்பதோ ஒத்திப்போடுவதோ உயிரையே பணயம் வைப்பதாகும். சிறுநீரக நோயாளிகளுக்கு ‘டை’ ஆகாது என்று சொல்லி, அவர்களுக்கு உரிய இதய சிகிச்சையே மறுக்கப்படுவதும் ஓர் அநீதிதான். எச்சரிக்கை வேறு, அச்சம் வேறு.

சலைன் பாட்டிலின் பாடம்

இந்தக் கேட்டைத் தடுக்கும் வழி விலை உயர்ந்த மருந்தா? இல்லை என்பதுதான் முப்பதாண்டு ஆராய்ச்சி சொல்லும் விடை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரகம் பழுதுற்ற 78 பேரை மூன்று பிரிவாக்கி ஒப்பிட்டனர். சலைன் மட்டும் ஏற்றப்பட்டோரில் 11 விழுக்காட்டினருக்கே கிரியேட்டினின் உயர்ந்தது. சலைனோடு மானிட்டால் சேர்த்தபோது 28 விழுக்காடாகவும், சிறுநீர் பெருக்கும் மருந்தைச் சேர்த்தபோது 40 விழுக்காடாகவும் அது கூடியது. கூடுதல் மருந்து கூடுதல் கேட்டையே தந்தது.

பின்னர் அசிட்டைல்சிஸ்டின் என்னும் மருந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை 2000இல் வெளியான ஒரு சிறிய ஆய்வால் பரவியது. உலகெங்கும் மருத்துவர்கள் அதை எழுதித் தந்தனர். பிரேசிலில் 2,308 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு 2011இல் அதனால் பயனில்லை எனக் காட்டியது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, மலேசியா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 5 ஆயிரம் பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, அந்த மருந்தும் பயனில்லை, சலைனுக்குப் பதிலாக சோடியம் பைகார்பனேட் ஏற்றுவதிலும் மேன்மையில்லை என்று உறுதி செய்தது. அதில் பங்கேற்றோரில் ஐந்தில் நால்வர் நீரிழிவு உள்ளவர்கள்.

தோழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இதிலேயே உள்ளது. இவ்விரு ஆய்வுகளும் பொதுப் பணத்தில் நடந்தவை. மலிவான உப்பு நீரே போதும் என்று நிரூபிக்க எந்த மருந்துக் கம்பெனியும் கோடிகளைச் செலவிடாது. லாபம் இல்லாத இடத்தில் உண்மையைத் தேடுவது பொதுத்துறை அறிவியலால் மட்டுமே இயலும்.

இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ள வழிகள் எளியவை. முதலாவது, முன்கூட்டியே அளந்தறிதல். இரத்தத்தில் கிரியேட்டினினைப் பார்த்து, அதைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிட வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் இயல்பாகத் தோன்றும்போதே நீரிழிவு சிறுநீரகத்தை அரிக்கத் தொடங்கியிருக்கக்கூடும்.

இரண்டாவது, நீர்ச்சத்து. ஆபத்து மிகுந்தோருக்கு, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு மில்லிலிட்டர் என்ற அளவில் ஆஞ்சியோகிராமுக்கு முன்னும் பின்னும் 6 முதல் 12 மணி நேரம் வரை சலைன் ஏற்றுவது பழகிப்போன முறை. 60 கிலோ எடையுள்ளவருக்கு முழு அளவும் ஏற்றினால்கூட ஏறத்தாழ மூன்று அரை லிட்டர் பாட்டில்கள்தாம். இதயம் பலவீனமானவருக்கு இந்த அளவு நுரையீரலில் நீர் கோக்கச் செய்துவிடலாம். ஆகவே குறைத்து, கண்காணித்து ஏற்ற வேண்டும். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆஞ்சியோகிராமின்போதே இதய அறையின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப சலைனின் வேகத்தைத் தீர்மானித்தனர். சிறுநீரகப் பாதிப்பு 16.3 விழுக்காட்டிலிருந்து 6.7 விழுக்காடாகக் குறைந்தது. மறுபுறம், பாதிப்பு நடுத்தரமாக உள்ளவர்களுக்கு சலைன் ஏற்றாவிட்டாலும் கேடு மிகவில்லை என 2017இல் ஒரு நெதர்லாந்து ஆய்வு கண்டது. ஆக, எல்லோருக்கும் ஒரே அளவு என்பதும் அறிவியல் அன்று. யாருக்கு எவ்வளவு என்று அளந்தறிவதே அறிவியல்.

மூன்றாவது, சாயத்தின் அளவும் வகையும். அடர்த்தி குறைந்த புதிய வகைச் சாயத்தையே, இயன்றவரை குறைவாகப் பயன்படுத்த வேண்டும். வடிகட்டும் திறனின் எண்ணைப்போல் மும்மடங்கு மில்லிலிட்டரைத் தாண்டலாகாது என்பது நடைமுறையில் உள்ள ஒரு வரம்பு. அந்த எண் 40 எனில் 120 மில்லிலிட்டர். அவசரமில்லாத நிலையில் ஆஞ்சியோகிராமை ஒரு நாளும் ஸ்டென்ட் பொருத்துவதைச் சில நாள் கழித்தும் செய்தால், சிறுநீரகத்துக்கு மூச்சுவிட இடைவெளி கிடைக்கும்.

நான்காவது, மாத்திரைகள். வலிநிவாரணிகளான டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவற்றை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆயினும் சிறுநீரகம் திடீரென முடங்கினால் அது உடலில் தேங்கி இரத்தத்தை அமிலமாக்கக்கூடும். ஆதலால் வடிகட்டும் திறன் குறைந்தவர்கள் அதை அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து கிரியேட்டினினைப் பார்த்த பின்னரே மீண்டும் தொடங்க வேண்டும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தாமாக எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுவது வேறோர் ஆபத்து.

பின் ஏன் நடப்பதில்லை?

ஒரு கிரியேட்டினின் பரிசோதனை, சில பாட்டில் சலைன், ஓரிரவுப் படுக்கை, கண்காணிக்க ஒரு செவிலியர், மூன்றாம் நாள் மறுபரிசோதனை. தேவையானவை இவ்வளவே. இவற்றுள் எதிலும் பெரிய லாபம் இல்லை என்பதுதான் சிக்கல்.

தனியார் மருத்துவமனைக்கு வருமானம் கேத் லேப் மேசை எத்தனை முறை நிரம்புகிறது என்பதில் இருக்கிறது. நோயாளி முந்தைய இரவே படுக்கையில் கிடந்து சலைன் ஏற்றிக்கொள்வது கணக்குப் பார்ப்பவருக்கு வீண் செலவு. காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள்; வரிசை நீண்டு பிற்பகல் ஆகிறது; வறண்ட உடலோடு அவர் மேசைக்குச் செல்கிறார். படம் எடுத்த கையோடு, வெளியே நிற்கும் மகனிடம் கையெழுத்து வாங்கி ஸ்டென்ட்டும் பொருத்தப்படுகிறது. பகுதி பகுதியாகச் செய்யலாமா என்ற கேள்வி எழுவதற்கே நேரம் தரப்படுவதில்லை.

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்று முழங்குகிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கே அது பணம் தருகிறது. நீரிழிவைக் கட்டுப்படுத்தும் அன்றாட மாத்திரை, வெளிநோயாளிப் பரிசோதனை ஆகியவை அதன் கண்ணில் படுவதில்லை. நோயைத் தடுப்பதற்குக் காசில்லை. முற்றிய பிறகு மருத்துவமனைக்குக் கொடுக்கக் காசுண்டு.

இந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு 2024 நவம்பரில் குஜராத்தில் நடந்தது சாட்சி. மெஹ்சானா மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் அகமதாபாத் தனியார் மருத்துவமனையொன்று இலவச முகாம் நடத்தியது. 19 பேரை அழைத்துச் சென்று ஆஞ்சியோகிராம் எடுத்தது; 7 பேருக்கு ஸ்டென்ட் பொருத்தியது; இருவர் இறந்தனர். அரசுக் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையற்ற சிகிச்சை செய்யப்பட்டது என்பதே வழக்கு. மார்க்கெட்டிங் பிரிவு வைத்து நோயாளிகளைத் திரட்டும் அமைப்பில், அவர்களது சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்பட யார் இருப்பார்?

தேவையற்ற ஆஞ்சியோகிராமைத் தவிர்ப்பதே சிறுநீரகத்துக்கு முதல் பாதுகாப்பு. இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்று 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு 5,179 பேரைத் தொடர்ந்து கவனித்தது. மாரடைப்பு அல்லாத, நிலையான இதய நோயுள்ளவர்களுக்கு முதலிலேயே ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட்டும் அல்லது பைபாஸும் செய்வதால், நல்ல மருந்து சிகிச்சையைவிட மரணமோ மாரடைப்போ குறையவில்லை. நெஞ்சு வலி தணிவதில் மட்டுமே கூடுதல் பயன் இருந்தது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்ற 777 பேரிடம் தனியே நடத்தப்பட்ட ஆய்விலும் உயிர் காப்பதில் கூடுதல் பயன் தென்படவில்லை. இந்தச் செய்தி நோயாளியின் காதுக்கு எட்டுவதில்லை. 2017 பிப்ரவரியில், மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலைக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதிக்க நேர்ந்ததே, அதுவரை நடந்த கொள்ளையின் அளவைச் சொல்லும். இன்று டெமாசெக், பிளாக்ஸ்டோன் போன்ற பன்னாட்டு நிதி மூலதனம் இந்தியாவின் பெரும் மருத்துவமனைச் சங்கிலிகளைக் கைப்பற்றிவருகிறது. அதற்கு வேண்டியது ஆரோக்கியம் அன்று, முதலீட்டின் மீதான வருவாய்.

உழைப்பவரின் சிறுநீரகம்

கேத் லேப் மேசைக்கு வருமுன்பே உழைப்பாளியின் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்பதையும் காண வேண்டும். கொளுத்தும் வெயிலில் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் கரும்புத் தோட்டத்திலும் நிற்பவருக்குப் போதிய குடிநீரோ ஓய்வோ இல்லை. கழிப்பறை இல்லாத பணியிடத்தில் பெண் தொழிலாளர்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கின்றனர். உடல் வலி தீர்ந்து மறுநாள் வேலைக்குப் போக, பெட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் வலி மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டம் உத்தானம் பகுதியில், உறுதியான காரணம் கண்டறியப்படாத சிறுநீரக நோய் விவசாயத் தொழிலாளர்களைப் பல்லாண்டுகளாகப் பலிகொண்டுவருகிறது. இத்தகையவருக்கு நீரிழிவும் சேர்ந்து, பின் நெஞ்சு வலியும் வந்தால், அந்தச் சாய மருந்து கடைசி அடியாகிவிடக்கூடும்.

அதன்பின் அக்குடும்பத்துக்கு எஞ்சுவது வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேர டயாலிசிஸ். ஆண்டுதோறும் 2.2 லட்சம் புதியவர்கள் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நிலைக்கு வருவதாக ஒன்றிய அரசே மதிப்பிடுகிறது. வறியோருக்கு டயாலிசிஸ் இலவசம் என்று 2016இல் அறிவித்தார்கள். அதையும் தனியார் பங்கேற்போடு நடத்துகிறார்கள். சிகிச்சை இலவசமாயினும் பேருந்துக் கட்டணமும், இழக்கும் வாரம் மூன்று நாள் கூலியும், உடன் வருபவரின் கூலியும் இலவசம் அல்ல.

2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை மக்கள் நல்வாழ்வுக்கு அரசு ஒதுக்கும் என்று 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. 2021-22இல், பெருந்தொற்றுக் காலச் செலவையும் சேர்த்து, அது 1.84 விழுக்காடு. மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்தே கொடுத்தனர். பணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக்கூடாது என்று போர் குழு 1946இல் வகுத்த நெறி இன்னும் ஏட்டில் உறங்குகிறது.

நமது கோரிக்கைகள்

நீரிழிவுள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கப்பட வேண்டும். ஆஞ்சியோகிராமுக்கு முன் வடிகட்டும் திறனைக் கணக்கிட்டுப் பதிவு செய்வதும், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபரிசோதனை செய்வதும் அனைத்து மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். பயன்படுத்திய சாயத்தின் அளவை வெளியேற்றுச் சீட்டில் எழுத வேண்டும். அரசுக் காப்பீட்டின் தொகுப்புக் கட்டணத்தில் முன்னிரவுப் படுக்கையும் பின்தொடர் பரிசோதனையும் சேர்க்கப்பட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் அரசே நடத்தும் கேத் லேப்கள் வேண்டும். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளின் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். தொழிலாளரின் சந்தா தொழிலாளரின் சிகிச்சைக்கே செலவாக வேண்டும்.

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர், நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் நான்காவது உறுப்பாக வைத்தார். நள்ளிரவில் சலைன் பாட்டிலை மாற்றி, சிறுநீரின் அளவைக் குறித்து வைப்பவர் செவிலியரே. அவரை ஒப்பந்தக் கூலியாக்கி, ஒருவர் தலையில் பலர் வேலையைச் சுமத்தினால், அந்த நான்காவது உறுப்பு ஒடிந்துபோகிறது. ஆகவே செவிலியர் நியமனத்துக்கான போராட்டம் நோயாளியின் சிறுநீரகத்துக்கான போராட்டமும் ஆகும்.

தோழர்களுக்கு

கோரிக்கைகள் நிறைவேறும் வரை காத்திருக்க நோய் சம்மதிக்காது. நமது கிளைகளும் தொழிற்சங்கங்களும் விவசாயிகள், மாதர், வாலிபர் அமைப்புகளும் இன்றே செய்யக்கூடியவை உண்டு. மருத்துவ முகாம் நடத்தும்போது சர்க்கரை அளவோடு நின்றுவிடாமல் சிறுநீரகப் பரிசோதனையையும் சேருங்கள். உறுப்பினர் ஒருவர் ஆஞ்சியோகிராமுக்குச் செல்கையில் உடன் செல்பவர் ஐந்து கேள்விகளை மறவாமல் கேட்கட்டும். இந்தப் பரிசோதனை இப்போதே அவசியமா, மருந்தால் சமாளிக்க இயலுமா? கிரியேட்டினினும் வடிகட்டும் திறனும் எவ்வளவு? சலைன் தேவையா, எப்போது தொடங்கப்படும்? எந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும், எப்போது மீண்டும் தொடங்க வேண்டும்? மறுபரிசோதனை எந்த நாளில்? மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னால் முதற் கேள்விக்கு இடமில்லை. மற்றவை சிகிச்சையோடு சேர்த்தே கேட்கத்தக்கவை.

இவற்றைப் பணிவாகவும் உறுதியாகவும் கேட்பது நோயாளியின் உரிமை. நேர்மையான மருத்துவர்கள் இக்கேள்விகளை வரவேற்பார்கள். அவர்களும் இந்த லாப அமைப்பின் நெருக்குதலில் நசுங்குபவர்களே. நமது சண்டை அவர்களோடு அன்று.

ஓர் உழைப்பாளியின் உடலில் இதயத்துக்கு ஒரு விலை, சிறுநீரகத்துக்கு ஒரு விலை என்று தனித்தனியே விலைச்சீட்டு ஒட்டுகிறது சந்தை. அவர் முழு மனிதர். முழுமையாகக் காக்கப்பட வேண்டியவர். தலைக்கு ஒரு டாலருக்கு இன்சுலினை மனிதகுலத்துக்கு ஒப்படைத்தவர்களின் நாளில், இந்தக் கோரிக்கையைப் பணியிடங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் கொண்டுசெல்வோம்.